அளவுகோலைப் பள்ளியின் பக்கம் திருப்புவோம்

நம் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகளுக்குள் அண்மைக் காலமாக ஒரு புதிய பாடம் நுழைந்திருக்கிறது. அதற்குப் பொதுத் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆசிரியர்கள் அதனை வாழ்வியல் திறன் கல்வி என்கின்றனர்; அறிஞர் உலகம் அதற்கு இட்டிருக்கும் பெயர் சமூக, உணர்வுசார் கற்றல் என்பதாகும். சினத்தை ஆளுதல், துயரத்தைச் சொல்லத் தெரிதல், பிறர் நோவைத் தன் நோவாக உணர்தல், தீய பழக்கத்திற்கு அழைக்கும் தோழனிடம் மறுத்துப் பேசுதல், மூண்ட பிணக்கைப் பேசித் தீர்த்தல் ஆகியவற்றை வளரிளம் பருவத்தினருக்குக் கற்றுக்கொடுப்பதே அதன் நோக்கம்.

இந்த நோக்கத்தில் குறை காண நமக்கு எதுவுமில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டியது. அப்பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. கணக்குப் பாடத்தையும் அறிவியல் பாடத்தையும் மட்டும் கற்பித்துவிட்டுப் பிள்ளையின் மனத்தைத் தெருவில் விட்டுவிடும் பள்ளி, தன் கடமையில் பாதியைக்கூடச் செய்யவில்லை என்பதில் இரு வேறு கருத்து இருக்க முடியாது.

நம் வழக்கு வேறு. இத்திட்டங்கள் பயன் தந்தனவா என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? அத்தீர்ப்பை யார் எழுதுகிறார்கள்? எதை அளந்து எழுதுகிறார்கள்? இக்கேள்விகளுக்கு இன்று கிடைக்கும் விடைகள் நம்மை ஏமாற்றுகின்றன. பிள்ளை எவ்வளவு பொறுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறது என்பதை அளக்கிறார்கள். பள்ளி தன் நடத்தையை எவ்வளவு மாற்றிக்கொண்டது என்பதை அளப்பதில்லை. அளவுகோல் தவறான பக்கம் நீட்டப்பட்டிருக்கிறது என்பதே நாம் இங்கு வைக்கும் குற்றச்சாட்டு.

ஏட்டில் நிறைந்த வெற்றி

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மைய அரசு, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ்ப் பள்ளி நலத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், ஆண் ஒருவரும் பெண் ஒருவரும், நலத் தூதுவர்களாகப் பயிற்சி பெற்று, மனநலம் உள்ளிட்ட 11 பொருள்களைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் உடன் பயின்ற மாணவர்களே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், நீதியரசர் சந்துரு தலைமையில் தமிழக அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை அறநெறிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பதும், 500-க்கு மேற்பட்ட மாணவர் பயிலும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவர் அமர்த்தப்பட வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் அடங்கும். அதே 2024-இல் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவரைக் குழுக்களாகப் பிரிக்கும் 'மகிழ் முற்றம்' அரசுப் பள்ளிகளுக்கு வந்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகரை அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

இவை யாவும் நல்ல எண்ணத்தில் பிறந்தவையே. ஆயின் ஆண்டு முடிவில் இத்தகைய திட்டங்களின் அறிக்கைகள் எவற்றைச் சொல்கின்றன? எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர், எத்தனை அமர்வுகள் நடந்தன, எத்தனை மாணவர்கள் வருகை தந்தனர், எத்தனை சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன என்பவற்றைச் சொல்கின்றன. இணைப்பில் புகைப்படங்கள் இருக்கும். இவை செலவுக் கணக்குக்கு உரிய செய்திகள். மருந்துக் கடையில் எத்தனை புட்டிகள் விற்றன என்று சொல்லிவிட்டு, நோய் தீர்ந்தது என்று முடிவு கட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சற்று முன்னேறிய அறிக்கைகள் மாணவரிடம் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்கின்றன. பயிற்சிக்கு முன் ஒருமுறை, பயிற்சி முடிந்த அன்றே மறுமுறை. 'கோபம் வரும்போது நான் பத்து வரை எண்ணுவேன்' என்ற வரிக்கு எதிரே ஆம், இல்லை என்று இரு கட்டங்கள். பயிற்சி அளித்தவரே தாள்களை வழங்குகிறார். அவரே திரும்பப் பெறுகிறார். தாளின் தலைப்பில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் உண்டு. எந்தக் கட்டத்தில் குறியிட்டால் ஆசிரியர் மகிழ்வார் என்பது தெரியாத அளவுக்கு நம் பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்லர். விடை உயர்கிறது, திட்டம் வென்றது என்று அறிக்கை எழுதப்படுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் இதற்காகவே சொல்லி வைத்தார்கள் போலும்.

பீகார் சொன்ன பாடம்

இவ்வாறு செய்யாமல், முறையாக அளந்து பார்த்தவர்கள் இந்நாட்டிலேயே இருக்கின்றனர். கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சங்காத் என்னும் அமைப்பினர் பீகார் மாநிலம் நாலந்தா மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற திட்டத்தை ஆய்வு செய்தனர். மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் உள்ளிட்டோர் நடத்திய அவ்வாய்வின் முடிவு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று.

அவர்கள் செய்தது இதுதான். 74 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினர். மூன்றிலும் அரசின் வழக்கமான வளரிளம் பருவக் கல்வித் திட்டம் இருந்தது. முதற்பிரிவில் அதற்கு மேலாக, இதற்கென்றே அமர்த்தப்பட்ட ஒருவர் பள்ளியில் பணியாற்றினார். அவர் மருத்துவரும் அல்லர், உளவியல் பட்டம் பெற்றவரும் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர். இரண்டாம் பிரிவில் அதே வேலையை, அதே பயிற்சியோடு, அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவரே தம் பாடவேளைகளோடு சேர்த்துச் செய்தார். மூன்றாம் பிரிவில் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் விடை கேட்கப்பட்டது.

அவர்கள் முதன்மையாக அளந்தது பிள்ளையின் பொறுமையை அன்று, பள்ளியின் சூழலை. ஆசிரியர் உன்னை மதிக்கிறாரா, உடன் பயில்வோர் உன்னைச் சேர்த்துக்கொள்கின்றனரா, இப்பள்ளி உன்னுடையது என்று உணர்கிறாயா என்று கேட்டனர். அதற்கு அடுத்தபடியாகவே மனச்சோர்வு, பிறரால் கொடுமைப்படுத்தப்படுதல், அடிதடி ஆகியவற்றைக் கேட்டனர். ஓராண்டு முடிவில் முதற்பிரிவுப் பள்ளிகளில் சூழல் பெரிதும் மேம்பட்டிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது, கொடுமைப்படுத்தலும் வன்முறையும் குறைந்திருந்தன. ஆசிரியரே நடத்திய இரண்டாம் பிரிவிலோ, எதுவும் சேர்க்கப்படாத பள்ளிகளோடு ஒப்பிடுகையில் மாற்றமே தென்படவில்லை. இரண்டாம் கல்வியாண்டின் முடிவிலும் இதே நிலை நீடித்தது என்றும், முதற்பிரிவில் நன்மை மேலும் வளர்ந்திருந்தது என்றும் 2020-இல் வெளியான தொடராய்வு கூறிற்று.

இம்முடிவை நம் ஊர்களின் பெற்றோர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். பாடம் ஒன்றே, பயிற்சி ஒன்றே, கையேடும் ஒன்றே. ஓரிடத்தில் கனி தந்தது, மற்றோரிடத்தில் தரவில்லை. ஆசிரியர் தீயவர் என்பதன்று இதன் பொருள். காலை வழிபாடு முதல் மாலை மணி வரை பாடவேளையும், எமிஸ் இணையதளத்தில் நிரப்பவேண்டிய பதிவேடுகளும், தேர்ச்சி விழுக்காட்டுக் கெடுபிடியும் அழுத்தும் ஒருவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றினால், சுமை ஏறுமேயன்றி வேலை நடவாது. மேலும், மதிப்பெண் இடுபவரிடம், சில இடங்களில் பிரம்பும் வைத்திருப்பவரிடம், தன் அச்சத்தைச் சொல்ல எந்தப் பிள்ளை துணியும்?

முதற்பிரிவுப் பள்ளிகளில் ஒரு பெட்டி இருந்தது. மாணவர் தம் மனக்குறையை எழுதி அதில் இடலாம். நம் மாநிலத்திலும் 2022-ஆம் ஆண்டு வாக்கில் 'மாணவர் மனசு' என்று பெயரிட்ட பெட்டிகள் அரசுப் பள்ளிகளுக்கு வந்தன. பெட்டி இரண்டிடத்திலும் ஒன்றுதான். அங்கே அதைத் திறந்து, படித்து, காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் விடையளித்து, உரியவரிடம் கொண்டு சேர்க்க ஒரு மனிதர் இருந்தார். இங்கே யார் திறக்கிறார்? எத்தனை நாளுக்கு ஒருமுறை? கடிதம் எழுதிய பிள்ளைக்கு என்ன நேர்ந்தது? பெட்டி நிறுவப்பட்டதா என்று கேட்கும் படிவங்கள், இக்கேள்விகளுக்கும் இடம் தர வேண்டும்.

கடல் கடந்த எடுத்துக்காட்டு ஒன்றையும் சொல்லலாம். பிரித்தானியாவில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரிடையே, மன ஒருமைப்பாட்டுப் பயிற்சியை மிகுந்த பொருட்செலவில் ஆய்வு செய்தனர். பள்ளிகள் வழக்கமாகச் செய்துவந்த பணியைவிட அப்பயிற்சியால் மாணவரின் மனநலத்திற்குக் கூடுதல் நன்மை விளையவில்லை என்று 2022-இல் வெளிப்படையாக அறிவித்தனர். இத்தகைய பயிற்சிகள் அனைத்தும் வீண் என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த 213 திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை, முறையாக நடத்தப்பட்டவை மாணவரின் நடத்தையையும் படிப்பையும் கூட உயர்த்தின என்று காட்டியிருக்கிறது. எனவே எது பலிக்கும், எது பலிக்காது என்பது நல்லெண்ணத்தால் தெரிவதன்று. நேர்மையாகப் பார்த்தால்தான் தெரியும். 'பயனில்லை' என்று சொல்லும் உரிமை இல்லாத மதிப்பீடு, மதிப்பீடே அன்று, அது நன்றியுரை.

நம் மண்ணில் நின்று பார்த்தால்

இனி நம் பகுதிக்கு வருவோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு வருகிறது?

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அவர்களை இழந்த வீடுகளின் பிள்ளைகள் ஜூனில் பள்ளி திறந்தபோது வகுப்பறைக்கு வந்திருப்பார்கள். அதே ஆண்டு ஜூனில், விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோவிலுக்குள் பட்டியல் சமூகத்தார் நுழைவதைப் பற்றி எழுந்த பிணக்கில் வருவாய்த் துறையினர் கோவிலையே பூட்டி முத்திரை வைத்தனர். பூட்டின் இரு புறத்துப் பிள்ளைகளும் பள்ளி செல்லும் வயதினரே. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நூல்களும் சீருடைகளும் வெள்ளத்தில் போயின. செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் குடும்பத்தோடு பெயர்ந்து செல்லும் இருளர் பிள்ளை, திரும்பி வரும்போது வருகைப் பதிவேட்டில் தன் பெயர் இருக்குமோ என்று அஞ்சுகிறது. சாதிச் சான்றிதழுக்காக அதன் பெற்றோர் அலுவலகப் படிகளில் காத்து நிற்கின்றனர்.

இப்பிள்ளைகளுக்குச் சினம் இருக்கிறது, துயரம் இருக்கிறது. அவற்றை ஆளக் கற்றுக்கொடுப்பது நல்லதே. ஆனால் சாதிப் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட ஒரு மாணவன் சினந்தால், குறை யாரிடம் இருக்கிறது? நம் கேள்வித்தாள்கள் அவனிடம், 'நீ சினத்தை அடக்கினாயா?' என்று கேட்கின்றன. 'உன்னை அப்படி அழைத்தவர் யார், அவர் நிறுத்திவிட்டாரா?' என்று கேட்பதில்லை. கழிப்பறைக்குக் கதவில்லாததால் நாள் முழுதும் தண்ணீர் குடியாமல் இருக்கும் மாணவியிடம், 'உன் மன அழுத்தத்தை எவ்வாறு கையாளுகிறாய்?' என்று கேட்கின்றன, 'கதவு போட்டார்களா?' என்று கேட்பதில்லை. இவ்வளவுகோலின்படி மிக உயர்ந்த மதிப்பெண் பெறக்கூடியது எந்தப் பள்ளி? அநீதியைச் சிறிதும் முணுமுணுக்காமல் ஏற்கும்படி பிள்ளைகளைப் பழக்கிவிட்ட பள்ளி. அத்தகைய பொறுமையை நற்பண்பு என்று நாம் அழைக்கலாகாது. கோவில் முற்றத்தில் வணிகரின் மேசைகளைக் கவிழ்த்தவரின் பெயரால் ஞாயிறுதோறும் கூடுகிறவர்கள் நாம். எல்லாச் சினமும் நோயன்று என்பதை நமக்கு எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்திருக்கிறது. அப்படியானால் முதலில் அளக்கப்பட வேண்டியது அச்சட்டம் நம் பள்ளியில் உயிரோடு இருக்கிறதா என்பதன்றோ? அடி விழும் வகுப்பறையில் மன அமைதிப் பாடம் நடத்துவது, ஒரு கையால் புண்ணாக்கி மறு கையால் மருந்து விற்பதாகும்.

எழக்கூடிய மறுப்புகள்

மனத்தை அளக்க முடியுமா, ஆன்மாவுக்கு அடிக்கோல் உண்டா என்று பக்தியுள்ளோர் சிலர் கேட்பர். உண்மைதான், ஒரு பிள்ளையின் உள்ளத்தின் ஆழத்தை எந்தத் தாளும் அறியாது. ஆனால் சென்ற மாதம் எத்தனை முறை அடி வாங்கினாய், உன் துயரத்தைச் சொல்ல இப்பள்ளியில் ஒருவரேனும் இருக்கின்றாரா, நீ சொன்ன பிறகு ஏதேனும் நடந்ததா என்பவை அளக்கக் கூடியவை. நாம் வேண்டுவதும் பிள்ளையின் ஆன்மாவுக்கு மதிப்பெண் இட வேண்டாம் என்பதே. மரத்தைக் கனியால் அறிக என்று கற்றவர்கள் நாம்; கனியை மண்ணுக்குள் தேடுவதில்லை, கிளையில்தான் தேடுகிறோம்.

அறநெறி வகுப்பே போதும், அளப்பதும் ஆய்வதும் எதற்கு என்பர் வேறு சிலர். போதனை மட்டும் போதுமென்றால், மறைக்கல்வி வகுப்புகளால் நிறைந்த ஊர்களில் சாதி எப்போதோ இறந்திருக்க வேண்டும். அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் இருக்கும் எறையூர், பழம்பெரும் கத்தோலிக்க ஊர். 2008 மார்ச் 9-ஆம் நாள் அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு வேண்டியதை ஒட்டி எழுந்த மோதலில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். இரு தரப்பினரும் ஒரே மன்றாட்டைக் கற்றவர்கள். ஒரே நற்செய்தியைக் கேட்டவர்கள். பாடம் கேட்பது ஒன்று. உட்காரும் இடமும் நடக்கும் வழியும் மாறுவது வேறொன்று. பள்ளிக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

ஏழை நாட்டில் முறையான ஆய்வுக்குப் பணம் ஏது என்பது மூன்றாம் மறுப்பு. இதற்கு மறுமொழி நம் வாசலிலேயே இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் பிள்ளைகள் இழந்த கல்வியை மீட்கத் தமிழக அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி', 2021 அக்டோபர் 27-ஆம் நாள் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தின் பயனைத் தன்னார்வலரின் கையொப்பத்தை வைத்து மட்டும் முடிவு செய்துவிடவில்லை. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீட்டிலேயே சந்தித்துச் சோதித்தனர். இழந்ததில் மூன்றில் இரு பங்கு ஆறு மாதங்களில் மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் கண்டனர். முழுப் புகழையும் திட்டத்திற்கே சூட்டாமல், அதன் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொன்னதே அவ்வாய்வின் நேர்மை. கூட்டலுக்கும் வாசிப்புக்கும் இதைச் செய்ய முடிந்த நாட்டில், பிள்ளையின் அச்சத்திற்கும் துயரத்திற்கும் செய்ய முடியாதா?

பெரும் பணமும் தேவையில்லை. எந்தத் திட்டமும் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை. எந்தப் பள்ளிக்கு முதலில், எதற்கு அடுத்த ஆண்டில் என்பதை அதிகாரியின் விருப்பத்திற்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டால், ஒப்பிட்டுப் பார்க்க வழி தானே பிறக்கும். விழுப்புரத்துப் பள்ளிகளில் நடத்திவிட்டுத் திண்டிவனத்துப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் போதாது. ஒரு நகரம் மாவட்டத் தலைநகர், தொடர்வண்டிச் சந்திப்பு. மற்றொன்று நெடுஞ்சாலைகள் கூடும் வணிக ஊர். இரண்டின் பிள்ளைகளும் வேறு வேறு இடர்களோடு வருகின்றனர். எனவே விழுப்புரத்துப் பள்ளிகளுக்குள் ஒரு குலுக்கல், திண்டிவனத்துப் பள்ளிகளுக்குள் ஒரு குலுக்கல் என்று தனித்தனியே எடுக்கட்டும். ஓராண்டு கழித்து, அப்பள்ளியோடு தொடர்பற்றவர்கள், பெயர் எழுதாத தாளில், பிள்ளைகளிடம் கேட்கட்டும்.

தொண்ணூற்றொன்பதும் ஒன்றும்

இன்னுமோர் எச்சரிக்கை. முறையான ஆய்வும் இறுதியில் ஒரு சராசரியைத்தான் சொல்லும். வகுப்பின் மனநலம் இவ்வளவு உயர்ந்தது என்னும் அந்த எண்ணுக்குள், பேசாமல் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒருத்தி மறைந்துபோகலாம். தொண்ணூற்றொன்பது ஆடுகள் பத்திரம் என்ற அறிக்கையை ஏற்றுக்கொண்டு உறங்கப் போகும் ஆயனை நம் ஆண்டவர் பாராட்டவில்லை. ஆகையால் மதிப்பீட்டின் ஒரு பகுதியாக, எந்தப் பிள்ளைகளுக்கு இத்திட்டம் எட்டவில்லை என்று தனியே எழுதப்பட வேண்டும்: பட்டியல் சமூகப் பிள்ளைகள், இருளர் பிள்ளைகள், மாற்றுத் திறனுடையோர், விடுதியில் தங்கிப் படிப்போர், பாதியில் நின்றுவிட்டோர். பாதியில் நின்ற பிள்ளை ஆண்டு இறுதிக் கேள்வித்தாளை நிரப்ப வகுப்பில் இராது என்பதை மறக்கலாகாது. பள்ளியைப் பற்றி மிகக் கசப்பான உண்மை அப்பிள்ளையிடம்தான் இருக்கக்கூடும்.

கேட்பதற்கும் ஓர் அறம் உண்டு. பிள்ளையிடம் அதன் புண்ணைப் பற்றிக் கேட்டுவிட்டு, தாளைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவது கொடுமை. தான் ஆபத்தில் இருப்பதாக ஒரு பிள்ளை சொன்னால் அன்றே செயற்பட ஏற்பாடு இருக்க வேண்டும்: 1098 என்ற எண், குழந்தைகள் நலக் குழு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஆகியவற்றுக்கு வழிகாட்டும் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். அவ்வேற்பாடு இல்லாதவர்களுக்குக் கேள்வித்தாள் வழங்கும் உரிமையும் இல்லை.

பொதுநிலையினர் செய்யக்கூடியது

இவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா? உண்டு. கல்வி உரிமைச் சட்டம் அமைத்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நம் பங்குகளைச் சேர்ந்த எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் பயில்கின்றனர். அக்குடும்பங்களில் குழு உறுப்பினர்களும் இருக்கின்றனர். சத்துணவின் தரத்தையும் சுற்றுச்சுவரையும் பற்றிப் பேசும் நாவு, இதைப் பற்றியும் பேசட்டும்.

குழுக் கூட்டத்தில் ஐந்து கேள்விகளை எழுப்பலாம். ஒன்று: வாழ்வியல் திறன் திட்டத்திற்கென்று முழு நேரமாக ஒருவர் இப்பள்ளிக்கு வருகிறாரா, அன்றிப் பாடச் சுமையுள்ள ஆசிரியர் தலையிலேயே அதுவும் ஏற்றப்பட்டிருக்கிறதா? இரண்டு: மாணவர் பெட்டியைத் திறப்பவர் யார், சென்ற மூன்று மாதங்களில் வந்த கடிதங்களால் என்ன மாறிற்று? மூன்று: திட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டவர் பள்ளிக்கு வெளியே உள்ளவரா, தாளில் பெயர் எழுதச் சொன்னாரா? நான்கு: அடி, வசை, சாதிச் சொல், கழிப்பறை, குடிநீர் ஆகியவை பற்றிக் கேள்வி இருந்ததா? ஐந்து: விடை என்னவென்று பெற்றோருக்குச் சொன்னார்களா? எளிய கேள்விகள் இவை. படிக்காத தாயும் கேட்கலாம். விடை தர மறுப்பவர்களுக்குத்தான் இவை கடினமாக இருக்கும்.

அரசுப் பள்ளியை நோக்கி இக்கேள்விகளை எழுப்புபவர்கள், திருச்சபையின் உதவி பெறும் பள்ளிகளிலும் இதே ஐந்தையும் எழுப்ப வேண்டும். அங்கும் பிள்ளைகள் அழுகின்றனர். அங்கும் அறிக்கைகள் அழகாக எழுதப்படுகின்றன.

பள்ளிப் பருவம் மீண்டும் வராது. திட்டம் தோற்றது என்று ஐந்தாண்டு கழித்து அறிந்து வேறு திட்டம் தீட்ட அரசுக்கு வாய்ப்பு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டு ஒருமுறைதான் உண்டு. ஆதலால், வீண் புகழுரைகளால் அந்த ஆண்டை அதனிடமிருந்து பறிப்பவர்கள், எவ்வளவு நல்ல மனத்தோடு செய்தாலும், களவே செய்கின்றனர். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்நாளென்று நம் பிள்ளையின் பள்ளியில் விசாரித்து வைப்போம். ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவோம்.